கழுவி அடுக்கிய கூரை

மார்ச் 4

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

இங்கே நானும் வாலும் நலம். உன் நலத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்க முடிவதில்லை. கேட்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க, ஆறப்போட்டுப் படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதனால் எழுதுகிறேன். கடிதம் ஒன்பது நாளில் உன் கைக்கு வரும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். அதற்குள் நன்றாக ஆறியிருக்கும்.

முதலில் உன் மகள் வாலின் செய்தி. போன மாதம் வாங்கிய செருப்பு அதற்குள் பத்தவில்லை. கணக்கில் சுமார், வாயில் முதல். அப்பா அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து, "அப்பா இடிக்கிறார். அம்மா போன்ல இருக்காங்க" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். ஏன் சிரித்தார்கள் என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் அவளைச் செருப்புக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இனி வீட்டு விஷயம். "யார் யாரோ தொட்டுத் திறந்த கதவை என் வீட்டுல மாட்டறதுக்கா நாலு வருஷமா இங்க கிழவங்களுக்கு விரிப்பு மாத்திக்கிட்டிருக்கேன்?" என்று கேட்டாய். கேட்டது நியாயம். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொன்னால் மறுபடியும் போனை வைப்பாய் என்பதால் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய லாட்ஜை இடிக்கும் வேலை எங்கள் முதலாளிக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு மாடி, இருபத்திரண்டு அறை, அறுபது வருடக் கட்டடம். சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பில் கட்டியிருக்கிறார்கள். சிமெண்டில் கட்டிய செங்கலைப் பிரித்தால் பாதி உடைந்துதான் வரும். சுண்ணாம்பு அப்படி இல்லை. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கலவை உதிர்ந்து, கல் முழுசாகக் கையில் வந்து உட்காரும். இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதிப் பார்த்தேன். பித்தளைப் பாத்திரத்தைத் தட்டினதுபோலச் சத்தம். இன்று சூளையிலிருந்து வருகிற கல்லில் அந்தச் சத்தம் கிடையாது.

லாட்ஜின் பின்பக்கம் ஒரு சாப்பாட்டு ஹால். அதன் கூரை முழுக்க மரம், மேலே ஓடு. முப்பதடி நீளம், பதினெட்டடி அகலம். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இப்படி ஒரு மரத்தை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். கூரை, கதவு, ஜன்னல், செங்கல் எல்லாவற்றையும் எனக்கே தருவதாக முதலாளி சொல்லிவிட்டார். நாம் வாங்கிப் போட்ட மனையில் அந்தக் கூரை கச்சிதமாக உட்காரும். நான் அளந்து பார்த்துவிட்டேன்.

எல்லாம் புதுசாக வேண்டும் என்றால் நீ இன்னும் இரண்டு வருடம் அந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்திலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஜூன் முப்பது கடைசி நாள் என்றாய். இந்தச் சாமானில் கட்டினால் கையெழுத்தே தேவைப்படாது. நான் கேட்பது இவ்வளவுதான். "சரி, பார்ப்போம்" என்று ஒரு வரி எழுது. அதற்கு மேல் எழுத வேண்டாம், மனசு மாறிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் இடிப்பு மேஸ்திரி

*

ஏப்ரல் 2

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரு வரி கேட்டேன், மூன்று வரி எழுதியிருக்கிறாய். "ஜூன் முப்பதுக்குள்ள கூரை ஏறி நிக்கணும். அதோட படம் என் கைக்கு வரணும். வரலைன்னா கையெழுத்துப் போட்டுடுவேன், அப்புறம் பேச்சே இல்ல." போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு சுருக்கமாக எழுத மாட்டார்கள். ஆனாலும் சந்தோஷம். அன்றைக்கே லாட்ஜுக்குப் போய்க் கூரையில் ஏறிவிட்டேன்.

மனையில் அஸ்திவாரம் முடிந்து சுவர் இடுப்பளவு வந்திருக்கிறது. கொத்தனார் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். எல்லாரும் கொத்தனாரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் யார், என்ன வேலை என்று தெரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இடிக்கிறவரு கட்ட வந்திருக்கீங்களா? கல்லுக்கே சிரிப்பு வருமே தம்பி" என்றார். வேலைக்கு ஒப்புக்கொள்ள ஒரே நிபந்தனை போட்டார். சுவர் பக்கம் நிற்கும்போது நான் கையில் கடப்பாரை வைத்திருக்கக் கூடாதாம். வைத்திருந்தால் கட்டின வரிசையை மறுபடி எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறதாம்.

அவர் கட்டுகிற விதத்தை நீ பார்க்க வேண்டும். வழக்கமாகச் சுவரில் இடம் விட்டுக் கட்டி, பிறகு அந்த அளவுக்கு ஜன்னல் செய்து மாட்டுவார்கள். நம்மிடம் இருக்கும் ஒன்பது ஜன்னலில் எந்த இரண்டும் ஒரே உயரம் இல்லை. அதனால் அக்கா முதலில் ஜன்னல்களைத் தரையில் நிற்க வைத்து, கம்பு முட்டுக் கொடுத்து, அதைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார். நான்கு நாள் வரைக்கும் சுவரே இல்லாத மனையில் ஜன்னல்கள் மட்டும் வரிசையாக நின்றன. உன் மகள் அதில் ஒன்றுக்குப் பின்னால் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் டிக்கெட் கேட்டாள்.

உன் அண்ணன் வந்திருந்தார். கதவுகளைப் பார்த்தார். லாட்ஜ் கதவு இல்லையா, ஒவ்வொன்றிலும் பித்தளையில் அறை எண் இருக்கிறது. "மாப்பிள்ளை, ஒரு நாள் வாடகை எவ்வளவு? வெந்நீர் உண்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே பத்து நிமிடம் சிரித்தார். எண்ணைக் கழற்றிவிடலாம் என்று பார்த்தோம். அடியில் மரம் குழிந்து வேறு நிறமாக இருக்கிறது. கழற்றினால் அசிங்கமாகத் தெரியும். ஆகவே நம் அறை பதினான்கு. வாலின் அறை ஒன்பது. தன் வயது என்று அவளே தேர்ந்தெடுத்தாள். பத்து வயதானதும் மாற்றித் தர வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

கூரையைப் பிரிக்கும் வேலையை மட்டும் யாரிடமும் விடவில்லை. மேலே ஐந்து பெரிய மர முக்கோணங்கள். ஒவ்வொன்றும் ஆறு துண்டு. அவற்றின் மேல் சரிவாகப் படுத்திருக்கும் கைமரம் நாற்பத்தெட்டு. மொத்தம் எழுபத்தெட்டு. அந்தக் காலத்துத் தச்சர் ஒவ்வொரு முனையையும் கையால் வெட்டி இணைத்திருக்கிறார். ஒரு முனை அதன் ஜோடி வெட்டில் மட்டும்தான் உட்காரும், பக்கத்து முக்கோணத்தில் உட்காராது. அதனால் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதினேன். இடப்பக்கத்துக்கு ‘இ’, வலப்பக்கத்துக்கு ‘வ’. எட்டு நாள் ஆயிற்று. உடைக்காமல் பிரித்தால் இவ்வளவு நாளாகும் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

முந்நூறு கட்டடம் இடித்திருப்பேன். கட்டுவது இதுதான் முதல். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உன் அண்ணனிடம் சொன்னால் அதற்கும் சிரிப்பார்.

நீ அனுப்பிய ஸ்வெட்டர் வாலுக்குச் சரியாக இருக்கிறது. கை மட்டும் கொஞ்சம் குட்டை. நீ நினைத்திருப்பதைவிட ஒரு வருடம் பெரியவளாகிவிட்டாள்.

பதற்றமில்லாமல் வேலையைப் பார்.

அன்புடன்,
அறை எண் பதினான்கில் இருக்கப்போகிறவன்

*

ஏப்ரல் 24

அன்புள்ள உனக்கு,

இந்த முறை பட்டப்பெயர் போட்டு எழுதக் கை வரவில்லை.

எல்லாரும் நலம். வாலுக்கு இரண்டு நாள் ஜலதோஷம் இருந்து சரியாகிவிட்டது. உன் அண்ணி ஊறுகாய் போட்டுக் கொடுத்தார். வெயில் கடுமை. சுவர்கள் நான்கு பக்கமும் முழு உயரத்துக்கு எழும்பி, மேல்மட்டம் சரிபார்த்தாயிற்று. கொத்தனாரக்கா நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கூரையைக் கொண்டாங்க, தொப்பி மாதிரி வச்சுடலாம்" என்றார்.

இனித் தள்ளிப்போட முடியாது, சொல்லிவிடுகிறேன். கூரையைக் கெடுத்துவிட்டேன். மரம் பத்திரமாக இருக்கிறது. எது எங்கே போக வேண்டும் என்பதுதான் போய்விட்டது.

மரத்தை லாட்ஜிலிருந்து மூன்று லாரியில் முதலாளியின் பழைய சாமான் யார்டுக்கு அனுப்பினேன். எங்கள் யார்டில் மரம் வந்து இறங்கினால் செய்கிற வேலை உனக்குத் தெரியும். ஆணியைப் பிடுங்க வேண்டும், தேய்த்துக் கழுவ வேண்டும், நீளவாரியாக அடுக்க வேண்டும். வாங்க வருகிறவனுக்கு மரம் பளிச்சென்று இருக்க வேண்டும். இருபது வருடமாகத் தினமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் லாரி கிளம்பும்போது பையன்களைப் பார்த்து, "கழுவி அடுக்கிடுங்கப்பா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர்கள் என்ன செய்வார்கள்? சொன்னதைச் செய்தார்கள். நார்ப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் குழாய் பிடித்துக் கழுவினார்கள்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் யார்டுக்குப் போனேன். ஈரம் காயாத எழுபத்தெட்டு மரமும் நீளவாரியாக வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தது. "அழகா அடுக்கியிருக்கீங்கடா" என்று பாராட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். மறுநாள் காலையில் கொத்தனாரக்கா வந்து, "ஒண்ணாம் நம்பர் எது தம்பி?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு மரமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு மரத்திலும் ஒரு எழுத்து இல்லை.

தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லா முனையையும் அரையடி குறைத்து வெட்டிப் புதுசாக இணைத்துத் தருவதாகச் சொன்னார். அப்படி வெட்டினால் கூரை சுவருக்கு எட்டாது. சுவரை நாம் கூரையின் அளவுக்குத்தானே கட்டியிருக்கிறோம். உன் அண்ணன் தகரக் கூரை போடச் சொல்கிறார். "வாசல்ல நின்னு படம் எடுத்தா உள்ள மரமா தகரமான்னு யாருக்குத் தெரியும் மாப்பிள்ளை" என்கிறார். ஒரு நாள் முழுக்க நானும் அதை யோசித்தேன். கொத்தனாரக்காதான், "படத்தை ஏமாத்தலாம். நர்சம்மா வந்து மல்லாந்து படுத்துக் கண்ணத் தொறந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அதனால் உண்மையை எழுதுகிறேன். கண்ணில் பட்ட இரண்டு துண்டைச் சேர்த்துப் பார்ப்பேன், உட்காராது. வேறு இரண்டை எடுப்பேன். ஐந்து நாளாக இதே வேலை. ஒரு முக்கோணம்கூடச் சேரவில்லை. ஜூன் முப்பதுக்குள் முடியும் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. நீ கையெழுத்துப் போட்டால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். தப்பு என்னுடையது.

வாலுக்கு இது தெரியாது. கூரை குளிக்கப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்

*

மே 25

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லாமல் கொத்தனாரக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதல் பக்கம் படிக்கும்போதே அவர் சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பிடுங்கி நானே படித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், சுத்தமாக இருக்கட்டும் என்று, பதினெட்டுப் பேரின் பல்செட்டையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவி, துணி விரித்து வரிசையாகக் காய வைத்தாயாமே! யாருடையது எது என்று தெரியாமல் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வார்டே பொக்கை வாயோடு உன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததாமே! நான்கு வருடத்தில் இதை நீ சொன்னதே இல்லை. போனில் கேட்கும்போதெல்லாம் "இங்க ஒரு பிரச்சினையும் இல்ல" என்றுதான் சொல்வாய். வேலை போய்விடும் என்று பயந்து துணிகள் வைக்கும் அறையில் நின்று அழுததையும் ஒரு வரியில் எழுதியிருந்தாய். அந்த வரியை அக்காவுக்குக் காட்டவில்லை.

நீ எப்படிப் பிரித்தாய் என்பதை எழுதியிருந்தாய் பார், அதுதான் எங்களுக்கு வழி காட்டியது. "எல்லாத்தையும் ஒரே நேரத்துல பாக்காதீங்க. நிச்சயமா தெரிஞ்சதை முதல்ல எடுத்துத் தனியா வைங்க. சந்தேகம் கடைசியில. எதையும் யார் வாயிலயும் அழுத்தித் திணிக்காதீங்க. அவங்கவங்களுது தானா உக்காரும்." அக்கா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு நிச்சயமா தெரிஞ்சது எது தம்பி?" என்று கேட்டார்.

யோசித்தேன். சாப்பாட்டு ஹாலின் ஒரு கோடியில் அடுப்படி. அறுபது வருடப் புகை. மரத்தைக் கழுவினாலும் புகை உள்ளே இறங்கியிருக்கும், போகாது. அக்கா உளியால் ஒரு மரத்தின் முனையில் லேசாகச் செதுக்கிப் பார்த்தார். அரைக்கால் அங்குல ஆழத்துக்குக் கறுப்பு. அப்படியானால் மிகக் கறுத்தது அடுப்புக்கு மேலே இருந்தது. எதிர்க்கோடியில் வாசலுக்கு மேல் இருந்த முக்கோணத்தின் அடிமரத்தில் சாப்பாட்டு மணி தொங்கும் கொக்கி இருந்தது. அதைக் கழற்றியது நானே, அந்தத் துளை அப்படியே இருக்கிறது. ஆக முதல் முக்கோணமும் கடைசி முக்கோணமும் எவை என்று கிடைத்துவிட்டன. நடுவில் இருந்த மூன்றையும் கறுப்பு குறைகிற வரிசையில் வைத்தோம்.

அதற்குப் பிறகு ஆணித் துளை. ஒரு மரத்தின் மேல் இன்னொன்று படுத்திருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும், அதற்குள் ஆணித் துளை இருக்கும். வெளுத்த இடத்தின் மேல் காகிதத்தை வைத்துத் துளைகளைக் குத்தி எடுத்து, அந்தக் காகிதத்தைக் கைமரம் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தோம். துளை துளையோடு சேர்ந்தால் அதுதான் ஜோடி. கட்டடம் எப்படிப் பிரியும் என்று இருபது வருடம் பார்த்த கண்ணுக்கு இது கொஞ்சம் சுலபமாகத்தான் வந்தது. அக்காவே ஒப்புக்கொண்டார். "பரவால்ல, இடிக்கிறவருக்கும் ஒரு உபயோகம் இருக்கு" என்றார்.

மனைக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் கூரையைப் படுக்க வைத்தே சேர்த்தோம். தெருக்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டு, பாலம் கட்டுகிறோமா என்று கேட்டார்கள். அக்கா உன் விதியைக் கடுமையாக வைத்துக்கொண்டார். சுத்தியலை யாராவது எடுத்தால், "சுத்தி கேக்குதுன்னா அது ஜோடி இல்ல, திரும்ப வை" என்று அதட்டினார். மூன்றாவது முக்கோணத்திலும் நான்காவதிலும் சாய்வு மரங்கள் இரண்டு இடம் மாறிவிட்டன. ஒன்று போலவே இருந்தன, அரை அங்குலம்தான் வித்தியாசம். இரண்டையும் பிரித்து மறுபடியும் சேர்த்தோம். முழுசாகப் பதினொரு நாள்.

எழுபத்தெட்டில் எழுபத்தேழு சேர்ந்துவிட்டது. ஒன்று லாரியிலிருந்து இறக்கும்போதே விரிசல் விட்டிருக்கிறது. அதற்குப் பதில் புது மரம் ஒன்று வெட்டி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை மேலே ஏற்றுகிறோம். ஏறியதும் எழுதுகிறேன்.

பல்செட்டு போல இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று தெரியவில்லை. மெதுவாகச் சொல். எழுத முடியாதவற்றை எழுத வேண்டாம்.

பத்திரமாக இரு.

அன்புடன்,
ஒரு உபயோகம் உள்ளவன்

*

ஜூன் 14

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

கூரை ஏறிவிட்டது. இதோடு மூன்று படம் வைத்திருக்கிறேன். ஒன்று வாசல் பக்கம். ஒன்று உள்ளே தரையில் மல்லாந்து படுத்து நான் எடுத்தது, ஐந்து முக்கோணமும் தெரியும். மூன்றாவது வீட்டின் பின்மூலை, அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். நல்ல பக்கம் மட்டும் போதும் என்று உன் அண்ணன் சொன்னார். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் மூன்றையும் வைத்தேன்.

குறைகளை நானே சொல்லிவிடுகிறேன். பின்மூலையில் ஓடு போதாமல் ஏழு ஓடு வேறு கடையில் வாங்கிப் போட்டோம், சிவப்பு கொஞ்சம் கூடுதல். போன வாரம் மழை பெய்தபோது ஒரே ஒரு இடத்தில் ஒழுகியது. ஓட்டைச் சற்று மேலே தள்ளியதும் நின்றுவிட்டது. புது மரம் பழைய மரங்களுக்கு நடுவில் வெள்ளையாகத் தனியே தெரிகிறது. குளியலறைக் கதவின் அடி உளுத்திருந்தது, ஒரு சாண் வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறோம். தரைக்கு லாட்ஜின் மாடிப்படிக் கல்லைப் போட்டதால் வாசல் பக்கம் நடுவில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. தண்ணீர் கொட்டினால் அங்கே நிற்கும். பெரிதாகச் சொல்ல வேறு குறை இல்லை. வாலைக் கேட்டால் அவள் வேறு பட்டியல் வைத்திருக்கிறாள்.

மழை பெய்த அன்று உன் அண்ணன் உள்ளேதான் இருந்தார். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டதும், "மாப்பிள்ளை, ஒன்பதாம் நம்பர் ரூம் பக்கத்துல இன்னொண்ணு காலியா இருக்கா? வாரக் கடைசிக்கு மட்டும்" என்று கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

உன் கடைசிக் கடிதத்தில் நிறையக் கேள்வி கேட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் பதில்: ஜன்னல் திறந்தால் காலை வெயில் நம் அறைக்கு வருகிறது. குளியலறை வாசல் இரண்டரை அடி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைய முடியாது. துணி காயப்போடப் பின்னால் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர் குடும்பம், சத்தமில்லாத மனிதர்கள்.

நிர்வாகம் உனக்கு வார்டு பொறுப்புத் தருவதாகச் சொன்னதையும் எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தில், இரண்டே வரி. அதை நான்கு தடவை படித்தேன். துணி அறையில் நின்று அழுத பெண்ணுக்கு அந்த வார்டையே கொடுக்கிறார்கள். அது சின்ன விஷயமா? நீ சம்பாதித்தது. நான் கூரை போட்டுவிட்டேன் என்பதற்காக அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. படம் அனுப்பச் சொன்னாய், அனுப்பிவிட்டேன். முப்பதாம் தேதி என்ன செய்வது என்பதை நீ முடிவு செய். என்ன முடிவு செய்தாலும் வீடு இங்கேதான் இருக்கும். இவ்வளவு பாடுபட்ட பிறகு இதை இடிக்க நான் யாரையும் விட மாட்டேன்.

ஒரே ஒரு வேலை நிற்கிறது. சமையலறை மேடை. லாட்ஜ் வாசலில் பணம் வாங்கிச் சாவி கொடுக்கும் மேஜை இருந்தது இல்லையா, அதன் மேல்கல் ஒரே துண்டு, ஆறடி நீளம். அதைத்தான் மேடைக்குப் போடுகிறோம். "எவ்வளவு உயரத்துல தம்பி?" என்று கொத்தனாரக்கா கேட்டார். சமைக்கிறது நான்தானே, என் உயரத்துக்குக் கட்டுங்கள் என்றேன். அவர் நூலைச் சுருட்டிக்கொண்டே, "அப்ப நர்சம்மா வரமாட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் கல்லின் நீளத்தை மறுபடியும் அளந்தேன். முழங்கைக்கு ஒரு சாண் கீழே மேடை இருக்க வேண்டுமாம். அதற்கு மேலே போனால் தோள் வலிக்கும், கீழே போனால் இடுப்பு வலிக்கும். நாம் இரண்டு பேருமே நின்று வேலை செய்வதானால் இருவருடைய அளவையும் வைத்து நடுவில் ஒன்று பார்க்கலாம் என்றார். உன் முழங்கை எங்கே வரும் என்று கேட்டார். என் நெஞ்சுப் பக்கம் கையை வைத்துக் காட்டினேன். பிறகு சந்தேகம் வந்து கொஞ்சம் கீழே காட்டினேன். அவர் எடுத்த அளவு நாடாவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா ஜூலை இரண்டாம் தேதி வந்து கல்லைப் பதிக்கிறார். ஒரு தடவை பதித்துவிட்டால் உடைக்காமல் எடுக்க முடியாது. அதனால், செருப்பில்லாமல் சுவரோரம் நேராக நின்று, தரையிலிருந்து உன் முழங்கை வரைக்கும் எத்தனை அங்குலம் என்று யாரையாவது அளக்கச் சொல்லி உடனே எழுதி அனுப்பு.

எழுத முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. வேண்டுமானால் ஒரு வாரம் தள்ளி வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். அளவு நாடா அவரிடமே இருக்கிறதாம், வந்து நிற்க ஆள் இருந்தால் போதுமாம்.

நல்லபடியாக இரு.

உன்
நான்